அத்தானுக்குச் சொல்லாதது

உணவகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழின்படி அவர் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சமையலறையில் யார் தவறு செய்தாலும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கொண்டவர். நடைமுறையில் அவர் கல்லாவில் உட்காரும் மைத்துனர். சமையலறையில் அத்தான் இருந்தால், இருமுவதற்குக்கூட வெளியே வந்துவிடுவார்.

சான்றிதழ் அவர் பேரில் வந்ததற்கு ஒரே காரணம், பிழைக்க வந்த இடத்தின் மொழி அந்தக் கடையில் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது. அடுப்பு அத்தானுடையது, பாத்திரம் கழுவும் தொட்டி அக்காவுடையது. பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி பேசப் பேச, இருவருக்கும் மைத்துனர்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

"கைய எப்படிக் கழுவணும்னு காட்டப் போறாங்களாம், அத்தான்."

"அத எங்கம்மா எப்பவோ காட்டிட்டாங்க. பரவால்ல, இவங்களும் ஆசைக்குக் காட்டட்டும்."

அத்தான் என்ன சொல்கிறார் என்று பயிற்சியாளர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றார் மைத்துனர். இப்படி இரண்டு பக்கமும் முள்ளை எடுத்துவிட்டுப் பரிமாறுவதில் அவர் கெட்டிக்காரர். குடும்பத்தில் பாதிச் சண்டைகள் நடக்காமல் போனதே அதனால்தான்.

பிறகு பேச்சு சோற்றுக்கு வந்தது. இரவெல்லாம் சமையல் மேடையில் கிடந்த சோற்றில் நஞ்சு ஊறியிருக்கலாம், எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது, கொட்டத்தான் வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

அத்தானின் பெருமையே அந்தச் சோறுதான். வாடிக்கையாளருக்குப் புதுசு, வீட்டாளுக்கு நேற்றையது. என் கடையில் ஒரு பருக்கை வீணாகாது என்பார். அக்காவை வைத்துக்கொண்டு அந்த முகத்தை எப்படிச் சுருங்க வைப்பது?

"என்ன மாப்ள, இவ்ளோ நேரம் பேசுறாங்க?"

"சோத்த நல்லா சூடு பண்ணிச் சாப்பிடணுமாம், அத்தான்."

"அதத்தான நான் தலபாடா அடிச்சுக்கிறேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோ."

அக்கா கேட்டுக்கொண்டாள். வெயில் கொளுத்திய ஒரு நாள், அத்தானுக்குப் பசியில்லை, மைத்துனருக்கு வெளியே வேலை. நேற்றைய சோற்றை ஆவி பறக்கச் சூடாக்கி, அக்கா தனியாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் வாந்தி எடுத்தாள். ஈரல் கெட்டுவிட்டது. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பவில்லை.

சோறுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னதை அத்தானுக்குச் சொன்னவரும் மைத்துனர்தான். சோறு என்ற பாதியோடு நிறுத்திக்கொண்டார். மீதியை அத்தானே நிரப்பினார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "அவ எப்பவும் அவசரக்குடுக்க. சரியா சூடு பண்ணிருக்க மாட்டா," என்றார். மைத்துனர் பக்கத்தில் நின்று காப்பி கொடுத்தார்.

கடைக்குப் பூட்டு விழுந்தது. திறக்க வேண்டுமானால் மறுபடி பயிற்சி. அதே பெண்மணி வந்தார். கழுவுதொட்டி காய்ந்து கிடந்தது. சோற்றுக்கு வந்ததும், முன்பு சொன்னதையே சொன்னார். இதைப் போன முறையே சொல்லியிருந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, நல்லா சூடு பண்ணணும்னுதான சொல்றாங்க?" என்றார் அத்தான். "அவ எங்க கேட்டா."

மைத்துனர் தொட்டியைப் பார்த்தார். பிறகு பயிற்சியாளர் சொன்ன எல்லாவற்றையும், அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து, அத்தானுக்குத் தமிழில் சொன்னார்.