ஏரியில் மூழ்காத சின்னத் தாத்தா

தாமல் ஏரியில் நான் கால் நனைத்ததே கிடையாது. சின்னத் தாத்தா அதில் விழுந்து செத்துப்போனார் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி அவர். குடும்பம் காஞ்சிபுரத்துக்குக் குடிவந்து இரண்டு தலைமுறை பட்டுத் தறி ஓட்டிய பிறகும், அம்மனுக்குப் பொங்கல் வைக்கத் தாமலுக்குப் போகும்போதெல்லாம் யாராவது என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். மற்ற பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடும். நான் கரையில் நின்று வயிறெரிவேன்.

அவர் ஏரியில் விழவே இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது பத்தொன்பது வயது. எழுபதுகளின் தொடக்கம். பிஜித் தீவிலிருந்து தாமல் கிராம முன்சீப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பார்த்துவிட்டு, முன்சீப் அதைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார். வீட்டில் பி.யூ.சி. வரை படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா போன பிறகு, பெரியப்பா சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம்.

பெரியப்பா அப்போது தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்; தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவைச் சேர்க்கிற வேலை அது. முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் இழை நுழைகிற அச்சுப் பல்லில் சிக்கும். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் ஒன்றாக முறுக்கிவிட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள்.

"படிமா," என்றார்.

எழுதியவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவள் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். கப்பல் சீட்டின் நகலை வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஊர் தாமல், தகப்பன் பெயர் என் கொள்ளுத்தாத்தாவுடையது, ஆனால் தொழில் விவசாயம், சாதியும் உழவர் சாதி ஒன்று. 'எங்களுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். அம்மா தினமும் கேட்கிறாள்' என்று எழுதியிருந்தாள்.

பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. "நாம என்ன ஏரா ஓட்னோம்? நம்ம ஆளு இல்லமா. யாரும் இல்லன்னு நீயே இங்கிலீஷ்ல எழுதிப் போட்டுடு."

"இன்னொரு பக்கம் இருக்குது பெரிப்பா."

அந்தப் பக்கம் முழுக்கத் தாத்தாவின் விசித்திரங்கள். கப்பலில் ஏற்றுமுன் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார்கள் என்று தெரிந்து, நாள்கணக்கில் செங்கல்லில் கையைத் தேய்த்துக் காய்ப்பு உண்டாக்கிக்கொண்டாராம். தைக்கிற நூல் அறுந்தால் முடிச்சே போட மாட்டாராம். அடுப்புச் சாம்பலைத் தொட்டு இரண்டு நுனியையும் முறுக்குவாராம். 'ஊரே சிரிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். உங்கள் ஊர் உழவர்கள் இப்படித்தான் செய்வார்களா?'

பெரியப்பாவின் விரல்கள் நின்றுவிட்டன. கட்டைவிரலில் சாம்பல் அப்படியே இருந்தது.

"உழுவுறவரு எதுக்குப் பெரிப்பா செங்கல்லுல கை தேய்க்கணும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா!" என்று கத்தினார். "அவருதான். கஞ்சிக்கு இல்லாம ஓடிப் போனாரு. எங்கப்பாதான் ஏரில உழுந்துட்டாருன்னு ஊருக்குச் சொன்னாரு. அடுத்த வாரம் உன்னைப் பாக்க அய்யம்பேட்டையிலேர்ந்து வர்றாங்க. கடல் தாண்டிப் போய், சாதியையும் மாத்தி எழுதிக் குடுத்தவரு குடும்பம்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பசிக்குப் பயந்து ஓடிய மனுஷரைத் தங்கள் வாயாலேயே ஏரியில் தள்ளிவிட்டு, அதைக் காட்டி என்னையும் இத்தனை வருஷம் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நெசவுக் கையைச் செங்கல்லில் தேய்த்து, துரைகளையே ஏமாற்றித் தப்பித்த அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் தபாலாபீசில் உட்கார்ந்து பதில் எழுதினேன். எல்லாம் ஆங்கிலத்தில், 'அக்கா' என்பதை மட்டும் தமிழில். 'உங்கள் தாத்தா நெசவாளி. கை சொரசொரப்பாக இருந்தால் பட்டிழை பிய்ந்துவிடும், அதனால் நெசவுக்காரர் கை மெத்தென்று இருக்கும். அதை மறைக்கத்தான் செங்கல். உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்.' கூடவே சாம்பல் தொட்டு முறுக்கிய பட்டிழை ஒரு முழம் வைத்து ஒட்டி, அனுப்புநர் இடத்தில் பெரியப்பா பெயரை எழுதினேன்.

சாயங்காலம் பெரியப்பா கேட்டார். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"யாரும் இல்லன்னுதானே?"

"இருக்கோம்னு."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அய்யம்பேட்டைக்காரர்கள் வந்தபோது விஷயத்தை நானே உடைத்துச் சொன்னேன். பாதி பஜ்ஜியில் எழுந்து போய்விட்டார்கள். அம்மா அழுதாள். மிச்சப் பஜ்ஜியை நான்தான் தின்றேன். அடுத்த பொங்கலுக்குத் தாமல் போனபோது, எல்லோர் கண்ணெதிரிலும் ஏரியில் இடுப்பளவுக்கு இறங்கி நின்றேன். ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது, பெரியப்பா பெயருக்கே. பிரித்துப் படித்துக் காட்டினேன். அக்காவின் அம்மா, அதாவது பெரியப்பாவுக்குத் தங்கை முறை ஆகிறவர், தன் கையால் முறுக்கிச் சேர்த்த வெள்ளை நூல் ஒன்றை அண்ணனுக்கு என்று அனுப்பியிருந்தார். பெரியப்பா அதை வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக இழுத்தார். நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"சாம்பல் ஜாஸ்தி," என்றார், என்னைப் பார்க்காமலே. "இவ்ளோ வேணாம்னு தங்கச்சிக்கு எழுதுமா."

"தங்கச்சின்னே எழுதட்டுமா?"

"பின்ன வேற எப்படி எழுதுவ?"

அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிப் போட்டேன்.