முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள்

என் மனைவியின் குரல் 318 துண்டுகளாக என் பழைய லேப்டாப்பில் இருந்தது. அவள் போய்ச் சேர்வதற்கு முன் நோயில் கிடந்த பதினான்கு மாதமும் நான் பதிந்து வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் கொடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன்.

மருமகள் கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரி. தமிழ் பேசுவாள், எழுத்து வாசிக்கத் தெரியாது. அவளுக்காக மலையாளப் பெயர்களில் இன்னொரு ஃபோல்டர் செய்தேன். ஒரே ஒலியை இரண்டு தடவை வைத்து இடத்தை அடைப்பானேன் என்று அதில் இணைப்புகளை மட்டும் போட்டேன். மலையாளப் பெயரைத் தொட்டால் தமிழ் ஃபோல்டரில் இருப்பது பேசும். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுத்தவனுக்கு இது பெரிய வித்தையல்ல.

லேப்டாப் தகராறு செய்யத் தொடங்கியதும் மலையாள ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஒலியும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தேன். எண்ணினேன். இங்கே 318, அங்கே 318. டிஸ்க்கில் மூன்றைத் திறந்தும் கேட்டேன். மூன்றும் பேசின. அதன் பிறகுதான் பாறசாலையில் ஒரு கடையில் லேப்டாப்பைக் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றச் சொன்னேன்.

மறுநாள் மருமகளின் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினோம். ஒரு பெயரும் திறக்கவில்லை. நாற்பது வரை முயன்றேன். “போதும் மாமா,” என்று அவள் மவுஸை வாங்கிக்கொண்டாள்.

பாறசாலைக் கடைக்காரரிடமே கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் டிஸ்க்கைப் பார்த்தார்.

“சாரே, இதில பேரு மட்டும்தான் உண்டு. அண்ணைக்கு நீங்க கேட்டது பழைய லேப்டாப்பில கிடந்ததாக்கும். டிஸ்க்கு அதைக் கைகாட்டிச்சு, அவ்வளவுதான்.”

இணைப்பை இணைப்பாகவே கொண்டுபோவது சில சமயம் சரிதான், அது கைகாட்டும் பொருளும் கூடப் போகும்போது. பொருள் வெளியே நிற்கிறதென்றால் நகல் எடுக்கும் நிரல் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? ‘முடிந்தது’ என்றுதான் காட்டியது. நானும் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அழிந்ததைத் தேடி எடுப்பவர் ஒருவரிடம் லேப்டாப் போயிருக்கிறது. மேலே புதிதாக ஏற்றிவிட்டதால் ஒன்றிரண்டு கிடைத்தாலே பாக்கியம் என்கிறார்கள். இன்று பதினோராவது நாள். இரண்டு தடவை போன் செய்துவிட்டேன். ஒன்றுதான் வருமென்றால் எது வர வேண்டும் என்று மருமகளை மலையாளப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டாவது, கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டியது. அது போதும்.