வழியை மாற்றியது யார்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். சாரணியர் பயிற்சிக்காக மயிலத்துக்குப் பக்கத்தில் முகாம் போட்டிருந்தோம். வாரத்துக்கு ஒரு பெண் லீடர். என் முறை வந்தபோது, ஆறு பேரைக் கூட்டேரிப்பட்டுவரை ரோட்டோடு நடத்திப்போய், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டியிருந்தது.

குறுக்குவழி என்று நான் ரோட்டை விட்டு மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலை வயலுக்குள், இறங்கினேன். முகையூர்க்காரி பிலோமினா, "இது வேற பக்கம் போவுதுக்கா" என்றாள். "லீடர் நானா, நீயா?" என்று அவளை அடக்கினேன். வழி தப்பி அலைந்து, நாலு மணிக்குத்தான் திரும்பினோம்.

டீச்சர் எங்களை வெயிலிலேயே நிறுத்தினார். "வழிய மாத்தினது யாரு? சொல்ற வரைக்கும் ஒருத்திக்கும் சோறு கிடையாது."

நான் வாய் திறக்கவில்லை. எங்களில் சின்னவளான ராணி நிற்க முடியாமல் தள்ளாடினாள்.

"நான்தான் டீச்சர்" என்றாள் பிலோமினா. அடுத்த வாரம் வரவிருந்த அவளுடைய லீடர் முறை பறிபோனது.

தட்டு கழுவும்போது, "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லல. ராணி மயங்கி வியுந்துடுவா போல இருந்துச்சுக்கா."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்பதா, டீச்சரிடம் போவதா என்று குழம்பிக் குழம்பியே இரண்டையும் செய்யாமல் விட்டேன். அதன்பிறகு யாராவது "லீடர்" என்று கூப்பிட்டால், என் கண் முதலில் பிலோமினாவைத்தான் தேடும்.