ஊதா மீசை

நேற்று பினாங்கு சூலியா தெருக் கடையொன்றில் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். கடைக்காரர் ஈரத்துணியால் மேசையை அழுத்தித் துடைத்தார். சுண்ணாம்பு கரைந்து ஒரு கீற்று ஊதா எட்டிப் பார்த்தது. அடடா, இது என் ஊதா அல்லவா!

நம்புங்கள், சில வருஷங்களுக்கு முன் நான் ஓவியன். படங்கள் பேசாத காலம். காதர் அண்ணனின் படக் கொட்டகை வாசலில் ஒரே பலகை. படம் மாறும்போதெல்லாம் சுண்ணாம்பு அடித்து, மேலே புதிய முகங்களை எழுதவேண்டும். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை சோறு வரைக்கும் ஏறிப்போய், அம்மா என் தட்டையே தனியாக ஒதுக்கிவிட்டார்.

அப்போதுதான் அமெரிக்க ஓவியப் பெண்மணி ஒருவர் பினாங்குக்கு வந்து, கடற்கரைப் பக்கத்து மாடியொன்றில் படம் எழுதக் கற்றுக்கொடுத்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். அவர் கற்ற மலாய்ச் சொல் ஒன்றுதான்: 'தெங்கோ!' பார் என்று அர்த்தம். "நிழல் கறுப்பல்ல" என்று என் கறுப்புக் குப்பியைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? அடுத்த படத்தின் வில்லனுக்கு ஊதாவிலேயே மீசை எழுதினேன்.

"மீசைக்கு ஊதா எந்த ஊர்ல லா, தம்பி?" என்றார் காதர் அண்ணன். "சாயங்கால ஆட்டத்துக்குள்ள மாத்து. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

சம்பளத்தைவிட, பலகை கைவிட்டுப் போய்விடுமே என்றுதான் பதறினேன். ஓடிப்போய் அம்மையாரை அழைத்துவந்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"மீசையைப் பார்த்து எழுதினாயா, என் பேச்சைக் கேட்டு எழுதினாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். காதர் அண்ணனின் மீசையைக் காட்டி, "தெங்கோ!" என்றார்.

அண்ணனை நடுவெயிலில் நிறுத்தினேன்.

"மண்டை காயுது, தம்பி!"

"அசையாதீங்கண்ணே, மீசை கோணிரும்!"

பார்த்தேன். நடுவில் கறுப்பு, நுனியில் செம்பட்டை, அடியோரத்தில் மெய்யாகவே ஒரு கீற்று ஊதா! அப்படியே எழுதினேன்.

மாலையில் ரிக்‌ஷாக்காரர்கள்கூட வண்டியை விட்டுவிட்டுக் கூடினார்கள். "ஐயோ, வில்லன் நம்ம காதரண்ணே லா!" கொட்டகை நிரம்பியது. அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு தாமே பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். என் வேலை தப்பியது.

அம்மையார் கப்பலேறிவிட்டார். பேசும் படமும் அச்சடித்த விளம்பரமும் வந்தபின் பலகை இந்தக் கடைக்கு மேசையாகிவிட்டது. மீசைக்குமேல் நான் பின்னால் எழுதிய முகங்களெல்லாம் துடைத்துத் துடைத்தே போய்விட்டன. நான் கப்பல் ஆபீசில் குமாஸ்தா. எதிரே வருபவர்களின் முகத்து நிழலை வெறித்துப் பார்த்துத் திட்டு வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

நரை விழுந்ததும் காதர் அண்ணன் மீசையை எடுத்துவிட்டார். உலகத்தில் இனி அது இருப்பது இந்த மேசையில்தான். சூடான தம்ளரை அதன்மேல் வைக்க மனம் வரவில்லை. கை சுடச்சுடப் பிடித்துக்கொண்டே குடித்தேன்.