அம்மாவின் தொண்டை

அம்மா வாயைத் திறந்தால் அப்பாவின் முகம் சுண்டிவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த காட்சி அது. "அவுங்க வந்துகினு இருக்காங்க" என்பாள் அம்மா. "வந்துகொண்டு" என்று திருத்துவார் அப்பா. "இப்பிடிக் குந்து" என்றால் "உட்கார்" என்பார். "இன்னா" என்றால் "என்ன" என்பார். சோறு பரிமாறும்போதும் திருத்துவார், காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போதும் போர்வைக்குள்ளிருந்து திருத்துவார். அம்மா ஒவ்வொரு தடவையும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சிலேயே ஒரு 'கினு'வைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அவளுக்குப் பிடிவாதமெல்லாம் கிடையாது. பிறந்த இடத்துப் பேச்சு, தானாக வந்தது.

அவள் பிறந்தது தவளக்குப்பம் பக்கம். அண்ணன் தம்பிகள் மில் வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அப்பாவும் கல்யாணத்தின்போது பெரிய ஆள் இல்லை. பிறகுதான் பிரெஞ்சு படித்துத் தேறி, திரிபுனால் என்று நாங்கள் சொல்லும் நீதிமன்றத்தில் குமாஸ்தா ஆனார். வெள்ளைக் கோட்டு வந்தது. கோட்டோடு கூச்சமும் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் அம்மா பேச ஆரம்பித்தால், அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

அவர் பேச்சு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. எதையும் 'அலோர்' என்று ஆரம்பித்து 'நெஸ்பா' என்று முடிப்பார். 'அப்படியானால்', 'இல்லையா' என்கிற நம் வார்த்தைகளுக்கு என்ன கேடு வந்ததென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "அலோர், ரசத்தில் உப்புக் குறைச்சல், நெஸ்பா?" என்று கேட்பார். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திருத்துகிற உரிமை எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குக் காரைக்காலிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் பங்குச் சாமியார் பார்த்துச் சொன்ன இடம். மாப்பிள்ளைக்குச் சுங்கத்தில் வேலை, தகப்பனார் இல்லை, தாயார் வைத்ததுதான் சட்டம். காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்தான் என்றாலும், தஞ்சாவூர்ச் சீமையை ஒட்டிய ஊர். எங்கள் தமிழைக் கேட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா அம்மாவை அழைத்தார்.

"அலோர், நாளைக்கு நீ வாயைத் திறக்காதே. சிரி. தலையை ஆட்டு. அது போதும்."

"வர்றவங்கள வாங்கன்னுகூடச் சொல்லக் கூடாதா?"

"கையைக் கூப்பு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கல்யாணப் பெண் குறுக்கே பேசுகிற காலம் இல்லை அது. தெருக்கோடியில் வருகிற மீன்காரியை வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டு நிறுத்துகிறவள் அம்மா. அந்தக் குரலை ஒரு பகல் முழுக்க எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

வைத்தாள். மாப்பிள்ளையின் தாயார் நல்ல ஆகிருதியான அம்மாள். வந்ததும் கலகலவென்று பேசினார். வெயிலைப் பற்றி, ரயிலைப் பற்றி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி. "கொளம்பு நீங்க வச்சதா? ரொம்ப நல்லாருக்கு. வாளப்பளம் இந்தூர்லயே வெளையுதா?" ழகரம் வராத அந்தக் கொளம்பும் பளமும் என் காதில் விழுந்தன. இவரா நம்மைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர் என்று தோன்றியது. அப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. அவர் கண் அம்மாவின் உதட்டிலேயே இருந்தது. அம்மா சிரித்தாள், தலையாட்டினாள், பரிமாறினாள்.

கடைசியில் அந்த அம்மாள், "உங்களுக்குப் பொறந்த ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. அம்மா அப்பாவைப் பார்த்தாள். கேட்டவர் காத்திருந்தார். மாப்பிள்ளை இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"அவளுக்குத் தொண்டை சரியில்லை" என்றார் அப்பா.

"அடடா. எத்தன நாளா?"

"அது... கொஞ்ச காலமாகவே."

அந்த அம்மாள் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டார். நான் கதவருகே நின்று அதைப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. விருந்து ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்துப்போகவே, சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது எங்கள் வழக்கம். பெயரை ஊர் கேட்டாகிவிட்டது. அதற்கப்புறம் நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். ஓலை வாசித்தபோது யார் எழுந்து என்ன சொல்லுவார்களோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் இன்னொரு கவலை முளைத்தது. அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைப்பாள். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். என்ன வந்தது உனக்கு என்று அவர் அதட்டியபோது தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னிடம் மட்டும் அடுப்படியில் மெதுவாகப் பேசுவாள். நானும் காரைக்காலுக்குப் போய்விட்டால் இவள் யாரிடம்தான் பேசுவாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. அவளை இப்படி ஆக்கிய அப்பாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரண்டாவது ஓலை முடிந்த அன்று சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார். பெண்ணின் தாய்க்குக் காசம், தொண்டைவரை ஏறிவிட்டது, அதை மறைக்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் தாயார் நம்புகிறாராம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று பயப்படுகிறாராம். காசம் என்றால் அந்தக் காலத்தில் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள்.

"காசமா? அவளுக்கா?" அப்பாவுக்கு நெஸ்பா கூட வரவில்லை.

"ஓலையை நிறுத்தச் சொல்லவில்லை. மேர் முன்னால் பெற்றவள் வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும் இல்லையா, அதை நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறார். குரல் சரியில்லை என்று பட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம்" என்றார் சாமியார்.

எங்கள் ஊரில் கோயில் கல்யாணத்துக்கு முன்னால் சர்க்கார் கல்யாணம் உண்டு. நகர மண்டபத்தில் மேர், அதாவது நகரத் தலைவர், முன்னிலையில் நடக்கும். பெண் என்னைப் போல் சிறு வயது என்றால் அவளைப் பெற்றவர்கள் இருவரையும் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்ல வேண்டும்.

அப்பா சாமியாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பெண்டாட்டியின் பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் வாயை அடைத்தேன் என்று ஒரு வரி. அது அவர் வாயில் வரவில்லை. வைத்தியரிடம் காட்டலாமென்றால், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதை யாராவது பார்த்தால் வதந்திக்குக் கால் முளைத்துவிடும். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தில் இறங்கினார். அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"'என் மகளின் திருமணத்துக்கு நான் சம்மதிக்கிறேன்.' எங்கே, சொல்லு."

அம்மா சொன்னாள். அது அவள் குரலே இல்லை. அப்பாவின் தமிழை எடுத்து வாயில் வைத்ததும் அவள் தொண்டை இறுகிவிட்டது. கம்மி, நடுங்கி, நோயாளி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இன்னும் உரக்க" என்றார் அப்பா. இன்னும் கம்மியது. கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை இது நடந்தது. சொல்லச் சொல்ல மோசமானதே தவிரத் தேறவில்லை. சரியாகச் சொன்னால் காசம், அவள் பேச்சில் சொன்னால் மானக்கேடு. இரண்டுக்கும் நடுவில் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

"ஒங்கப்பாரு சொல்றாப்ல சொன்னா எனக்கு மூச்சே வரமாட்டேங்குது" என்றாள் அம்மா, மீனை அலசிக்கொண்டே. "நாளிக்கி நான் இன்னா பண்ணப் போறனோ தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு தடவை சொல்லிப் பாரேன் என்று கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

மறுநாள் மண்டபத்தில் கடல் காற்று ஜன்னல்களைப் போட்டு அடித்தது. மேர் மூவர்ணப் பட்டை அணிந்து நின்றார். அவர் பிரெஞ்சில் கேட்பதைத் தமிழில் சொல்லவும், நாங்கள் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்லவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். அப்பாவோடு திரிபுனாலில் வேலை பார்த்தவர், அப்பாவுக்கு அவரிடம் ரொம்ப மரியாதை. மாப்பிள்ளையின் தாயார் மகனுக்கு அடுத்தாற்போல், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்பாவைக் கேட்டார்கள். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், ஆமாம் என்பதைப் பிரெஞ்சிலேயே "உய்" என்றார், சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி.

அம்மாவைக் கேட்டார்கள்.

"என் மகளின்..." என்று ஆரம்பித்தாள். குரல் கிழிந்தது. "திருமண..." அதற்குமேல் வரவில்லை. இருமிவிட்டாள். ஒரே ஒரு இருமல்தான். மாப்பிள்ளையின் தாயார் மகனின் கோட்டுக் கையைப் பிடித்து ஓர் அடி பின்னுக்கு இழுத்தார்.

முடிந்தது என்றே நினைத்தேன். அப்பா உதட்டை அசைத்து "சம்மதிக்கிறேன், சம்மதிக்கிறேன்" என்று கிசுகிசுத்தார். அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கோட்டுக் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"எதுக்கு ஒதுங்கறீங்க? எனக்கு ஒரு நோவும் இல்ல" என்றாள். மீன்காரியை நிறுத்துகிற குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது. "எம்பேச்சு நல்லால்லன்னு இவுரு பேசாதன்னாரு, பேசாம இருந்தேன். அவ்ளோதான் எந்தொண்டைக்கு. எம்பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதந்தான். ஆனா ஒண்ணு. உங்க வூட்டுல அது பேசிக்கினு இருக்கணும். சிரிச்சிக்கினு இருக்கணும். இது நொட்டை அது நொள்ளைன்னு அது வாயக் கட்டிப் போடக் கூடாது. அதுக்கு நீங்க ஒத்துக்கினா எனக்குச் சம்மதம்."

அப்பா இந்தத் தடவை செருப்பைத் தேடிக் குனியவில்லை. குனிய அவருக்குத் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேரிடம் திரும்பி, சம்மதம்தானாம் என்று பிரெஞ்சில் இரண்டே வார்த்தை சொன்னார். இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா என்று மேர் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான் என்று இவர் தலையசைத்தார்.

மாப்பிள்ளையின் தாயார் மகனின் கையை விட்டார்.

"தாராளமா பேசட்டுங்க" என்றார். "எங்க வீட்லயும் எங்கூடப் பேச ஆளு கெடையாது."

என்னைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன், எந்த மொழியில் சொன்னேன் என்பதே நினைவில்லை.

கோயில் கல்யாணமும் விருந்தும் முடிந்து ரயிலடிக்கு வந்தோம். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், அத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்துப் பேசினாள். மாமியார் உள்ளேயிருந்து பதிலுக்குப் பேசினார். கினுவும் பளமும் கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் போய் வந்தன. அப்பா இரண்டடி தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மண்டபத்திலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நெஸ்பாவும் இல்லை. அவர் மேலிருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் கரைந்துவிட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வண்டி நகர்ந்தது. அப்பா கூடவே நடந்தார். அப்புறம் ஓடினார். ஜன்னல் கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்து எதையோ சொல்ல வாயெடுத்து, இரண்டு தடவை முடியாமல் விட்டு, கடைசியில் சொன்னார்.

"அழுதுகினே போவாதம்மா."

பின்னாலேயே ஓடிவந்த அம்மா அதைக் கேட்டாள். திருத்தவில்லை.