உடும்பும் பித்தப்பையும்

என் மனைவியைப் பரிசோதனைக் கூடத்தில் ‘உடும்பு’ என்றுதான் சொல்வார்கள். பிடித்தால் விடமாட்டாள். கட்டிக்கொண்ட எனக்கு அது தெரியாதா என்ன!

டைபாய்டு கிருமியை வளர்த்து அதன் மரபணுத்தொகுதியைப் படிப்பது அவள் வேலை. ஏறக்குறைய நாற்பத்தெட்டு லட்சம் எழுத்து. கிருமி பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். இருவரின் கிருமி கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

என் அக்கா நடத்தும் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக டைபாய்டில் படுத்தார்கள். பாத்திரம் கழுவும் அம்மாவின் கைதான் காரணம் என்று அக்கா அவரை நிறுத்திவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் வேறு யாரும் அந்த அம்மாவுக்கு வேலை தரவில்லை.

உடும்பு களமிறங்கினாள். அந்த அம்மாவின் மலத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கிருமியைச் சுமப்பவர்களிடம் அது ஒருநாள் தென்படும், மறுநாள் ஒளிந்துகொள்ளும் என்பாள். அந்த அம்மாவிடம் இல்லவே இல்லை. மெஸ்ஸில் வேலை செய்த மற்றவர்களிடமும் இல்லை. பாக்கி அக்காதான்.

அக்கா சுத்தத்துக்குப் பேர்போனவள். அடுத்தவர் கையை நம்பாமல், பச்சையாகப் பரிமாறும் வெள்ளரிக்காயைத் தானே நறுக்குவாள். அவளிடம் போய் மலம் கேட்டால்? வீடு இரண்டானது. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்துக்குள் இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று கத்தினேன்.

“அந்தம்மா பொழைப்பு போச்சுங்க. யார்கிட்ட இருக்குன்னு தெரியாம நான் விடமாட்டேன்.”

தினமும் வேலை முடிந்ததும் நேரே மெஸ்ஸுக்குப் போய், சாப்பிடுகிறவர்கள் பார்க்க, காலி டப்பாவைக் கல்லாமேல் வைத்தாள். தொல்லை தாங்காமல் அக்கா கொடுத்தாள். ஒன்றும் வளரவில்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடும்பு மறுநாளே இன்னொரு டப்பாவோடு நின்றாள்.

இந்த முறை வளர்ந்தது. நோயாளிகளின் கிருமியோடு ஒப்பிட்டால் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். என்றோ அக்காவுக்கு வந்து போனதாக நினைத்த டைபாய்டின் கிருமி, ஸ்கேனில் தெரிந்த அவள் பித்தப்பைக் கல்லில் சத்தமில்லாமல் குடியிருந்தது.

அக்கா வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து, பிறகு பித்தப்பையை எடுப்பது என்று முடிவானது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அந்த அம்மாவைத் தேடிப் போய், வேலைக்கு வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“இங்க சொல்லி என்ன பிரயோசனம்? எங்க என் பேரு கெட்டுச்சோ அங்க சொல்லுங்க.”

மறுநாள் மதியம், மெஸ் நிறைந்திருந்தபோது, அக்கா அந்த அம்மாவோடு நடுவில் வந்து நின்றாள்.

“உங்களுக்குக் காய்ச்சல் வந்தது என் கையால. இவங்க கை சுத்தம்.”

சிலர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்கள். அந்த அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தார்.