மாமாவின் கறுப்புக் காருக்கு ஒரு பாலிஷ் மெஷின்

கறுப்புக் காரை விற்க நினைப்பவன் அதை நிழலில் நிறுத்திக் காட்டுவான். என் தாய்மாமாவுக்குக் கார் விற்ற வெள்ளைக்காரத் துரையும் அதைத்தான் செய்தார். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த கையோடு கப்பல் ஏறிய துரைமார்கள் பியானோ, நாய், கார் என்று எதையெதையோ விட்டுப் போனார்கள். மாமா பங்களாவுக்குப் போனார். மரத்தடியில் நின்ற காரின் கதவில் தன் முகத்தைப் பார்த்தார். தலையை வாரிக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில், மத்தியான வெயிலில், அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லாம் தெரிந்தது. பானெட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். எண்ண முடியாது. நான் இரண்டடி நகர்ந்தால் வட்டங்களும் என்னோடு நகர்ந்தன.

"மாமா, இது என்ன?"

"அது அந்தக் காரோட டிசைன்டா. சீமைச் சாமான்னா அப்படித்தான் இருக்கும்."

டிசைனாம்! துரையின் டிரைவர் பல வருடமாகக் காய்ந்த துணியால் தேய்த்து வரைந்த டிசைன். மீதியை மாமா தானே வரைய ஆரம்பித்தார். தினம் காலையில் பிரம்புப் பிடி போட்ட கோழி இறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வருவார். எங்கள் தெருவின் செம்மண் புழுதி இரவெல்லாம் காரின்மேல் இறங்கியிருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், இறகால் சுழற்றிச் சுழற்றித் துடைப்பார். மணலைப் போட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பதுதான் அது. சொன்னால் கேட்பாரா? "இறகு எப்படிடா கீறும்? கோழிக்கே கீறலையே!" என்பார்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் மாமா பொதுப்பணி லாரி ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தக் காரை வாங்கியிருந்தார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப் போகிறாராம். இரண்டு மாதம் ஒரு கல்யாணமும் வரவில்லை. கடைசியில் எங்கள் தெருக்கோடியிலேயே இருந்த, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய ஒரு மலாக்கா செட்டி வீட்டில் மகனுக்குக் கல்யாணம் என்று தெரிந்து, மாமா போய்ப் பேசினார். அவர்களுக்கு கிளேபாங்கிலிருந்து இன்னொருவரும் கார் தருவதாகச் சொல்லியிருந்தார். பால் ஏடு நிறம், புத்தம் புதுசு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். செட்டி வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கார் போனால், அந்த இனத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதே கார்தான் போகும். போகவில்லை என்றால் மாமா மறுபடி லாரி ஆபீஸ் வாசலில் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அங்கே அவர் வேலையை விடும்போது என்னென்ன பேசிவிட்டு வந்தார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

எனக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து, முடிவுக்குக் காத்திருந்த நேரம். நூலகத்தில் மோட்டார் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். சாயங்கால வெயிலில் அந்த அம்மா பார்க்கப்போவது வட்டங்களைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கீறலை எடுத்துடலாம் மாமா, மெஷின் வேணும்," என்றேன்.

மாமா என்னை நம்பாமல் காப்பிக் கடையை நம்பினார். அங்கே கார் வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் எல்லோரும் நிபுணர்கள். ஒருவர் தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னார். அடுத்தவர் பல்பொடி என்றார். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் புல் வெட்டும் ஒருவர், ஏரோப்பிளேனுக்கு என்ன போடுகிறார்கள் என்று தனக்கு மட்டுமே தெரியும் என்றும், அதைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். மாமா அவருக்குத்தான் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எண்ணெய்க் கலவையைப் பூசியும் பார்த்தார். அரைமணி நேரம் கார் குளித்த எருமை மாதிரி மினுங்கியது. "எங்கேடா கீறல்? காட்டுடா!" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். கீறல் எங்கேயும் போகவில்லை, எண்ணெய் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அன்று மழை பெய்தது. மறுநாள் வட்டங்கள் அப்படியே இருந்தன, எண்ணெயில் ஒட்டிய புழுதியோடு.

அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரைத் தெருவில் இருந்த பெரிய இரும்புச் சாமான் கடைக்கு என்னோடு வர ஒப்புக்கொண்டார்.

கடையில் டை கட்டிய தமிழ் விற்பனையாளர் ஒருவர் இருந்தார். அந்த உக்கிரமான வெயிலில் டை கட்டுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அவர் இரண்டு மெஷின்களை மேசைமேல் வைத்தார். ஒன்று கன்றுக்குட்டி கனம். சுவிட்சைப் போட்டால் கடையில் இருந்த வாளிகள் எல்லாம் அதிர்ந்தன. இன்னொன்று சிறியது. மெதுவாகச் சுற்றியது. அதன் தட்டுக்கு மேலே செம்மறிக் கம்பளியில் தைத்த தொப்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"அண்ணே, இது பொம்பளைங்க வீட்டுத் தரை தேய்க்கறதுக்கு," என்று சின்னதை ஒதுக்கினார் டை. "உங்களுக்கு இதுதான். வேகத்தைப் பாருங்க. ஒரு மணி நேரத்துல காரு கண்ணாடி!"

மாமாவின் கண்கள் அந்தச் சத்தத்திலேயே விரிந்துவிட்டன. "இதுல பவரு இருக்குடா!"

"மாமா, இது இரும்புல துரு எடுக்கற மெஷினு," என்றேன். "காருக்குப் போட்டா பெயிண்டு வெந்துடும்."

"தம்பி என்ன படிச்சிருக்காரு?" என்று டை மாமாவிடம் கேட்டார், என்னிடம் கேட்காமல்.

"இப்பதான் பரீட்சை எழுதியிருக்கான்."

"ஓ. ரிசல்ட் வரட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மாமாவும்தான். பிறகு டை மூன்று டப்பாக்களை அடுக்கினார். கார் பெயிண்டைத் தேய்க்கும் பசை: முரடு, நடுத்தரம், மென்மை. முரட்டு டப்பாவை மட்டும் முன்னால் தள்ளினார். "கீறல் ஆழமா இருந்தா மருந்தும் பலமா இருக்கணும்." டப்பாவில் எழுதியிருந்ததை அவர் ஒருநாளாவது படித்திருந்தால், எதற்கும் மென்மையானதில் ஆரம்பித்துப் போதாவிட்டால் மட்டுமே அடுத்ததுக்குப் போகவேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது தெரிந்திருக்கும். கொட்டை எழுத்தில் இருந்த 'துரிதம்' என்ற சொல்லோடு அவர் படிப்பை நிறுத்திக்கொண்டார் போல.

கடையில் வேலை காட்டுவதற்காக ஒரு பழைய கார்க் கதவு வைத்திருந்தார்கள். அதுவும் கறுப்பு. "போட்டுக் காட்டுங்க," என்றேன். டை சட்டைக் கையை மடித்தார். முரட்டுப் பசையை அள்ளி அப்பினார், பெரிய மெஷினை அழுத்தினார். பசை அவருடைய டையில் தெறித்தது. இரண்டு நிமிடத்தில் நிறுத்தித் துடைத்தார். கடை விளக்கில் கதவு பளபளத்தது. மாமா பையைத் தொட்டுவிட்டார்.

"ஒரு நிமிஷம், வெளியே எடுத்துட்டுப் போய்ப் பார்க்கலாம்," என்றேன்.

"எதுக்குத் தம்பி? இங்கேயே தெரியுதே."

"கல்யாணம் உங்க கடைக்குள்ளயா நடக்குது?"

மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக் கதவைக் கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதைக்கு வெளியே வெயிலில் சாய்த்தோம். பழைய கீறல்கள் போயிருந்தன. அவற்றின் இடத்தில் புதுசாக, தடித்த வளையங்கள், எண்ணெய்ப் பசைத் துணியால் வட்டமாகத் துடைத்த மாதிரி. கதவின் மடிப்பு ஓரத்தில் மெஷின் ஒரு வினாடி கூடுதலாக நின்ற இடத்தில் கறுப்பே இல்லை. அடிப்பூச்சின் செங்கல் நிறம் ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது.

மாமா அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது அழுக்கா?"

"இல்ல மாமா. இதுதான் பவரு."

டை எங்கேயோ அவசர வேலையாக உள்ளே போய்விட்டார். சின்ன மெஷின், இரண்டு கம்பளித் தொப்பி, மென்மையும் நடுத்தரமுமாக இரண்டு டப்பாப் பசை, கையால் பூச ஒரு டப்பா மெழுகு. நான் கேட்டதை எல்லாம் மாமா மறுபேச்சில்லாமல் வாங்கினார். சைக்கிளில் திரும்பும்போது மட்டும், "தரை தேய்க்கறதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார்.

வேலையில் மாயம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காரை இரண்டு முறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மாமரத்தடிக்குத் தள்ளினோம், வெயிலில் பெயிண்டு சுட்டால் பசை காய்ந்துவிடும். விளிம்புகளிலெல்லாம் காகிதப் பட்டி ஒட்டினேன். வீட்டில் பல்பைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து வயர் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தோம். முதலில் பின்கதவில் ஒரு கை அகலம் மட்டும், மென்மையான பசையில். பாதிதான் போனது. நடுத்தரத்தில் ஒரு முறை, மறுபடி மென்மையில் ஒரு முறை. வட்டங்கள் முக்கால்வாசி அடங்கின. இதுதான் கணக்கு என்று தெரிந்ததும் முழுக் காருக்கும் அதையே செய்தேன்.

நடுவில் மாமா கம்பளித் தொப்பியைப் பார்த்துவிட்டு அலறினார். அது கன்னங்கரேலென்று ஆகியிருந்தது.

"டேய் நிறுத்து! காரு நிறமெல்லாம் தொப்பிக்கு வருதுடா!"

"மேலே செத்துப்போன பெயிண்டு மாமா. அது போனாத்தான் அடியில உள்ளது தெரியும்."

"எவ்வளவு இருக்கு அடியில?"

அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. தெரிந்தவன் மாதிரி, "நிறைய," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் மெழுகு பூசி, பழைய பனியன் துணியால் துடைத்து, காரை வெயிலுக்குத் தள்ளினேன். பானெட்டில் சூரியன் ஒரே பொட்டாக, சுற்றி வட்டம் எதுவும் இல்லாமல் நின்றது. மாமா காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு புதுச் சட்டை போடப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். மலாய்க்காரர்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும், நெற்றியில் திருநீறு, கையில் பிரம்புக் கூடை. அந்த வீடுகளில் பேசுவது மலாய்தான், தமிழில் சாமி பெயரும் சில உறவுச் சொற்களும் மட்டும் வரும். அவரும் மாமாவும் மலாயில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். மாமா அவரைப் பானெட்டுக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்க அக்கா, எப்படி மின்னுது," என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கூடையிலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பொருளை எடுத்து விரித்தார். மாப்பிள்ளையின் தலைப்பாகை. சரிகை வைத்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்து நின்றது. அவர் கணவர் தன் கல்யாணத்தில் கட்டியது அதைத்தானாம்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ என் மகன் உயரம். உட்கார்."

மூன்று நாள் பசையில் ஊறிய தலையில் தலைப்பாகையை வைத்து, பின் இருக்கையில் என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். கதவை மூடினார். அந்தப் பக்கக் கதவு வழியாக வந்து, என் தலைக்கும் கூரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கை படுத்து நுழைந்தது.

"கிளேபாங் காரில் என் தம்பியை வைத்துப் பார்த்தேன்," என்றார் மாமாவிடம். "கூரை இடிக்கிறது. அவன் கழுத்தை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பெண் வீட்டுக்குத் தலை குனிந்து போகிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்."

"அந்தக் காரு பளபளப்பா இருக்குமே அக்கா?" மாமாவுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"கல்யாணக் காரில் பூ வலை போட்டு மூடுவோம். பளபளப்பு எங்கே தெரியும்?"

பூ வலை! பானெட்டு, கூரை, மட்கார்டு, எல்லாவற்றையும் மூடும் பூ வலை! தலைப்பாகையோடு உள்ளே உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்காதது நல்லது.

நான் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தபோது அவர் முதல் தடவையாகப் பெயிண்டைப் பார்த்தார். கதவு மடிப்பில் விரலை ஓட்டி எடுத்து எங்களிடம் காட்டினார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. மெஷினிலிருந்து தெறித்த பசை, காகிதப் பட்டிக்கு அடியிலும் கதவு இடுக்குகளிலும் போய்க் காய்ந்திருந்தது. மோட்டார் பத்திரிகைகளில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை.

"பெண்ணின் பட்டுச் சேலையில் ஒட்டும். இதை எடுத்துவிட்டால் போலே," என்றார். சரி என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் போதும். மாமா அதைக் கேட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, அதை என்மேல் கோபமாக மாற்றிக்கொண்டார்.

"கேட்டியாடா இஞ்சினியரு? மூணு நாளா என்னடா பண்ணின? பொடியை எடு!"

தென்னை ஈர்க்கின் நுனியில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு கதவு, பானெட்டு ஓரம், விளக்கு வளையம், கைப்பிடிகளின் கழுத்து. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. மாமா வாசலில் நின்று, தெருவில் போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கல்யாணம் கிடைத்ததைச் சொன்னார். அவர்கள் காரைச் சுற்றி வந்தார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள், கூரையைத் தட்டி உயரத்தைப் பாராட்டினார்கள். ஒருவர்கூடப் பானெட்டைப் பார்க்கவில்லை.